அவர்கள் அறிவோடு வந்தார்கள்

கேள்வி இது: "என் மகள் அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பிப்ரவரி முழுக்கப் பள்ளியில் கறுப்பின வரலாறு நடத்துகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங்கையும் ரோசா பார்க்ஸையும் விட்டால் எனக்கு வேறு யாரையும் தெரியாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள், பருத்திக் காட்டில் உழைத்தார்கள், பிறகு உரிமைக்குப் போராடினார்கள். இதைத் தாண்டி அமெரிக்க வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்தது என்ன? இதற்கு ஏன் தனியாக ஒரு மாதம்?"

மாதத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தொடங்கி வைத்தவரின் கதையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

அவர் பெயர் கார்ட்டர் உட்சன். 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை ஆனவர்கள். வீட்டுக் கஷ்டத்தால் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு தொழிலாளி. அடிமைமுறையை வைத்து அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி வீட்டில் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் மற்ற தொழிலாளர்கள் அந்த வீட்டில் வந்து உட்காருவார்கள். இளைஞன் உட்சனுக்குப் படிக்க வரும் என்று தெரிந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டச் சொன்னார் ஜோன்ஸ். அதற்குக் கூலி தின்பண்டம். போரில் கலந்துகொண்டவர்கள் சுற்றி உட்கார்ந்து, படித்த செய்தியைத் தங்கள் அனுபவத்தோடு உரசிப் பார்த்துப் பேசுவார்கள். தன் மக்களின் கடந்த காலத்தைத் தேட வேண்டும் என்ற ஆசை தனக்குள் ஆழமாக இறங்கியது அங்கேதான் என்று உட்சன் பின்னாளில் எழுதினார்.

இருபது வயதில்தான் அவரால் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர்; முதலாமவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். ஆனால் பட்டம் வாங்கிய அந்தத் துறையில் அவருடைய மக்களுக்கு இடமே இல்லை. பாடப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் சுமை தூக்குபவராகவோ பிரச்சினையாகவோ வந்து போனார்கள். அதனால் 1915-இல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஓர் ஆய்விதழ். 1926-இல் பிப்ரவரியின் இரண்டாவது வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாக அறிவித்தார். ஆபிரகாம் லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. அடிமைத்தளையிலிருந்து தப்பித்துப் பெரும் பேச்சாளரான ஃப்ரெட்ரிக் டக்ளஸ் தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டது பிப்ரவரி 14. 'வைத்துக்கொண்டது' என்று சொல்வதற்குக் காரணம், தான் பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை. அந்த வாரம் 1976-இல் அமெரிக்க ஜனாதிபதியின் அங்கீகாரத்தோடு மாதமாக வளர்ந்தது. உட்சன் அதைப் பார்க்கவில்லை, 1950-இல் இறந்துவிட்டார்.

உட்சன் கேட்டது கறுப்பினத்தவருக்கென்று ஒரு தனி வரலாற்றை அல்ல. எல்லோருக்கும் பொதுவான வரலாற்றில் கறுப்பினத்தவர் எங்கே நின்றார்கள் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் உங்கள் கேள்வியில் ஓர் இடத்தைத் திருத்த விரும்புகிறேன். "உழைத்தார்கள்" என்கிறீர்கள். சரிதான், உழைத்தார்கள். ஆனால் வெறும் கையும் காலுமாக அவர்களை நினைப்பது, அவர்களை விலைக்கு வாங்கியவர்கள் நினைத்த விதம். வாங்கியவர்களுக்கே உள்ளூர உண்மை தெரியும். பல இடங்களில் அவர்கள் விலை கொடுத்தது அந்த மனிதர்களின் அறிவுக்கு.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரோலினாவின் கடலோரத் தாழ்நிலம், சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதி, பருத்திக்கு முன்பே நெல்லால் பணக்கார ஊரானது. அங்கே நிலம் வாங்கிய ஆங்கிலேயர்களுக்கு நெல் பயிரிட்ட பழக்கம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய செனகல், காம்பியா தொடங்கி சியரா லியோன் வரையுள்ள கரையில், நூற்றாண்டுகளாக நெல் விளைந்தது. சதுப்பு நிலத்தில் கரை கட்டி, உப்பு நீரைத் தடுத்து, நன்னீரை உள்ளே விட்டுப் பயிர் செய்யத் தெரிந்த மக்கள் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ்டனில் அடிமை ஏல விளம்பரம் போட்டவர்கள், இவர்கள் நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்கள் என்பதைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். அதைச் சொன்னால் வாங்குபவர் காது கொடுப்பார் என்று விற்பவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வயல்கள் வேலை செய்த விதம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான எனக்கு முதலில் புரியவில்லை. நம் ஊரில் மேட்டிலிருந்து வரும் ஆற்று நீரை மதகு வழியாக வயலுக்குத் திருப்புகிறோம். அங்கே கடல் ஓதம் ஏறும்போது ஆறு பின்னோக்கி எக்கும். உப்பு எட்டாத தூரத்தில், மேலே நன்னீர்தான் உயரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயல் தானே நிறையும். ஓதம் இறங்கும்போது திறந்தால் வடியும். எந்த இடத்தில் கரை போட வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், உப்பு எப்போது மேலே ஏறி வரும் என்பதெல்லாம் கண்ணாலும் நாக்காலும் அறிய வேண்டியவை. தொடக்கத்தில் இருந்த மதகு, மரத்தின் அடித்துண்டைக் குடைந்து அடைப்பு வைத்த குழாய்தான். பிறகு பலகையில் கதவு வைத்துச் செய்யத் தொடங்கிய பின்னும் அடிமரத்தைக் குறிக்கும் 'டிரங்க்' என்ற பெயரே அதற்கு நின்றுவிட்டது.

குதிகாலால் மண்ணில் குழி செய்து, விதை போட்டு, காலாலேயே மூடிக்கொண்டு போகும் பெண்கள். உரலில் உலக்கையால் குத்துவது. தட்டையான பெரிய கூடையில் புடைத்துத் தவிட்டைப் பறக்கவிடுவது. அந்தக் கூடையை முதன்முதலில் ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தபோது, வட்டமாக இருந்தாலும் இது நம் முறம் செய்யும் வேலையைத்தானே செய்கிறது என்று அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனையும் ஆப்பிரிக்கக் கரையில் நடந்த விதத்திலேயே கரோலினாவிலும் நடந்தன. நெல் சாகுபடியில் ஆப்பிரிக்கர் அறிவின் பங்கு எவ்வளவு, நிலச் சொந்தக்காரர்களின் பரிசோதனைகளின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும், அந்தச் சதுப்புக் காட்டை வெட்டி, கரை எழுப்பி, பயிரைக் காத்து, குத்திப் புடைத்தது யார் என்பதில் வாதம் இல்லை. 1840 வாக்கில் ஜார்ஜ்டவுன் என்ற ஒரே மாவட்டம் நாட்டின் மொத்த நெல்லில் கிட்டத்தட்டப் பாதியைக் கொடுத்தது. அந்த நீரில் நின்றவர்கள் மலேரியாவிலும் பாம்புக்கடியிலும் செத்தார்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கட்டிய மாளிகைகளைப் பார்க்க இன்றும் சார்ல்ஸ்டனுக்குக் கூட்டம் வருகிறது.

அந்த மக்களின் வழிவந்தவர்கள் குல்லா எனப்படுகிறார்கள். அவர்களுடைய மொழியும் சமையலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. காராமணியும் அரிசியும் சேர்த்துச் செய்யும் சோறு தெற்கு முழுக்கப் புத்தாண்டுச் சாப்பாடு. வெண்டைக்காயை அமெரிக்கர்கள் சொல்லும் 'ஓக்ரா' என்ற சொல் இக்போ மொழியிலிருந்து வந்தது. லூசியானாவின் புகழ்பெற்ற குழம்பான 'கம்போ' பெயரும் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்தான். எள் அங்கே இன்னும் 'பென்னே' என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பெயரில் வழங்குகிறது.

நெல்லுக்கு ஒரு கரையே அறிவைக் கொடுத்தது என்றால், அம்மைக்கு ஒரே ஒரு மனிதர். பாஸ்டனில் காட்டன் மாதர் என்ற பாதிரியாருக்கு அவருடைய சபையார் 1706-இல் ஓர் அடிமையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த மனிதரின் சொந்தப் பெயர் நம்மிடம் இல்லை. மாதர் வைத்த பெயர் ஒனேசிமஸ். உனக்கு அம்மை வந்ததுண்டா என்று மாதர் ஒருமுறை கேட்டார். வந்தது, வரவும் இல்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார் ஒனேசிமஸ். அம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலில் சிறு கீறலில் வைத்துவிட்டால் லேசாகக் காய்ச்சல் கண்டுவிட்டுப் போய்விடும், பிறகு வாழ்நாளில் வராது, எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள் என்று கையில் தழும்பைக் காட்டினார். 1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது மாதர் இதை ஊர் மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னார். ஆப்பிரிக்க அடிமை சொன்னதைக் கேட்டு வைத்தியம் செய்வதா என்று கொதித்தார்கள். மாதர் வீட்டுக்குள் யாரோ வெடிகுண்டு வீசினார்கள். சப்டீல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் மட்டும் துணிந்து சுமார் 240 பேருக்குச் செய்து பார்த்தார். இறந்தவர்கள் 6 பேர். தானாக நோய் கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. 1777-இல் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை முழுமைக்கும் இதே முறையில் அம்மை குத்தச் சொன்னார். அந்த நாட்டின் சுதந்திரப் போரை நடத்திய படையைக் காத்ததில், பாஸ்டனில் தழும்பைக் காட்டிய அந்தக் கைக்கும் பங்கு உண்டு.

அடுத்தது இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தின் உச்சியில் சுதந்திர தேவியின் வெண்கலச் சிலை நிற்கிறது. ரோம் நகரிலிருந்து வந்த அதன் சுதை மாதிரியைப் பகுதி பகுதியாகப் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். வார்ப்பதற்குப் பிரிக்க வேண்டிய நேரம் வந்தபோது, பூட்டிய தொழிலாளி அதிகப் பணம் தந்தால்தான் பூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்வேன் என்றுவிட்டார். வார்ப்படக்காரர் கிளார்க் மில்ஸிடம் பிலிப் ரீட் என்ற அடிமை இருந்தார். சார்ல்ஸ்டனில் சிறுவனாக இருந்தபோது, வார்ப்பு வேலையில் தெரிந்த திறமைக்காகவே 1,200 டாலருக்கு வாங்கியதாக மில்ஸ் தன் கைப்பட எழுதியிருக்கிறார். ரீட் சிலையின் தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கப்பி கட்டி மெல்ல மெல்ல இழுத்தார். இழுக்க இழுக்க, மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. பூட்டு அங்கே. அப்படியே ஒவ்வொரு பகுதியாகப் பிரித்தார். வார்ப்பிலும் அவர் வேலை செய்தார். மற்ற நாட்களின் கூலி மில்ஸுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் ரீட் கையில் பணம் வந்தது: 33 ஞாயிறுக்கு 41 டாலர் 25 சென்ட். 1862 ஏப்ரலில் தலைநகரில் அடிமைமுறை ஒழிந்தது. 1863 டிசம்பரில் சிலை உச்சிக்கு ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர். அவர் பிரித்த அந்தச் சுதை மாதிரி இப்போது அதே கட்டடத்தில் பார்வையாளர்கள் நுழையும் மண்டபத்தில் நிற்கிறது. உங்கள் மகள் பள்ளிச் சுற்றுலாவில் போனால் அதன் அடியில்தான் வரிசையில் நிற்பாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கே வருவோம், நான் மிகவும் மதிக்கும் ஒருவர் வழியாக. ராபர்ட் ஸ்மால்ஸ் 1839-இல் தெற்குக் கரோலினாவின் போஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்தார். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் 'பிளான்டர்' என்ற கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சக அடிமைத் தொழிலாளர்களோடு கப்பலை எடுத்தார். வழியில் மனைவி பிள்ளைகளையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கும் விதத்திலேயே நின்று, ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் சரியான சங்கொலியைக் கொடுத்து வெளியேறினார். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் வெள்ளைத் துணியை ஏற்றி வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு 23 வயது.

எல்லோரும் கதையை அங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. தெற்குக் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740-இலேயே சட்டம் தடை செய்தது. 1834-இல் படிக்கக் கற்றுக்கொடுக்கவும் தடை வந்தது. போர் முடிந்து 1868-இல் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு எழுதக் கூடிய மன்றத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. அங்கே ஸ்மால்ஸ் வலியுறுத்தியது இலவசக் கட்டாயப் பொதுப்பள்ளி. அந்த மன்றம் எழுதிய சட்டத்தில், இனம் பாராமல் எல்லாக் குழந்தைக்கும் பள்ளி என்று வந்தது. அதற்கு முன் தெற்கில் ஏழை வெள்ளைக் குழந்தைக்கும் முறையான பொதுப்பள்ளி ஏற்பாடு இல்லை. தெற்கில் எல்லோருக்கும் அரசுச் செலவில் கல்வி என்பதே கறுப்பின மக்களின் எண்ணம் என்று டுபாய்ஸ் எழுதினார். படிப்பு மறுக்கப்பட்டவர்கள் அதிகாரம் கிடைத்ததும் முதலில் எழுதியது, மறுத்தவரின் பிள்ளைக்கும் சேர்த்துப் பள்ளி. ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினரான ஸ்மால்ஸ், 1895-இல் அதே மாநிலம் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்க மறுபடி கூடியபோதும் அந்த மன்றத்தில் எழுந்து நின்றார். என் இனத்துக்குத் தனியாக வக்காலத்து தேவையில்லை, எங்கள் வரலாறே போதும், வாழ்க்கைப் போராட்டத்தில் சமமான வாய்ப்பு ஒன்றுதான் வேண்டும் என்று பேசினார். தோற்றார். அந்தத் தோல்வியைச் சரிசெய்ய இன்னும் எழுபது ஆண்டு ஆனது.

சார்ல்ஸ்டனிலிருந்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1865 மே 1 அன்று, போர்க் கைதிகளாக இறந்து குழியில் கொட்டப்பட்ட 257 வடக்குப் படை வீரர்களை, விடுதலை பெற்ற மக்கள் முறையாக மறுபடி அடக்கம் செய்து, வேலி போட்டு, பள்ளிக் குழந்தைகள் முன்னே வர மலர் தூவி ஊர்வலம் போனார்கள். கூடியவர்கள் சுமார் 10,000 பேர். அமெரிக்கா ஒவ்வொரு மே கடைசித் திங்களும் விடுமுறை விட்டுக் கடைப்பிடிக்கும் நினைவு நாளின் மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்று அது.

அப்புறம் சட்டம். உங்கள் மகள் அங்கே பிறந்திருந்தால், அவள் குடியுரிமை எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? 1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் குடிமகனாகவே முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள் மாநாடு கூட்டி, இந்த மண்ணில் பிறந்தோம், அதனால் இந்த நாட்டவர் என்று வாதாடி வந்தார்கள். அந்த வாதம்தான் 1868-இல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தமானது: இங்கே பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன், சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம். 1898-இல் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் அதைக் காட்டி வழக்கில் வென்றார். பிறகு வந்த எல்லாக் குடியேறிகளின் பிள்ளைகளும் அந்த நிழலில்தான் நிற்கிறார்கள்.

நம்மவர்கள் அங்கே போக முடிந்ததற்கும் இதே கதைதான். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது என்றது. 1946-இல் கதவு லேசாகத் திறந்தபோது ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டும் வரலாம் என்ற கணக்கு. நாடு பார்த்து அளந்த அந்த ஒதுக்கீட்டை 1965-இல் எடுத்தார்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், அதே 1965 அக்டோபரில் குடியேற்றச் சட்டம். மூன்றும் அடுத்தடுத்து வந்ததில் தற்செயல் இல்லை. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்பதைத் தெருவில் அடிவாங்கி நாட்டுக்கு ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் கறுப்பின மக்கள். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் இன்று பொங்கல் விழா நடத்தும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் போராட்டமும் ஓர் அறிவுதான். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரியில், பேருந்து இருக்கைகளில் காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள் என்று படிக்கிறோம். ஏறாமல் எப்படி வேலைக்குப் போனார்கள்? கார் வைத்திருந்தவர்கள் ஏறும் இடம், இறங்கும் இடம் குறித்து ஒரு போக்குவரத்து நிறுவனம் போல நடத்தினார்கள். ரோசா பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை உருட்டச்சில் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்துவிட்டார். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே அதே ஊரில் இருக்கையை விட மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. பேருந்துப் பாகுபாட்டை முடித்த வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களில் அவளும் ஒருத்தி. உங்கள் மகளுக்குச் சொல்லப் பார்பரா ஜான்ஸும் இருக்கிறாள். 1951-இல் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் 180 பேருக்குக் கட்டிய கறுப்பினப் பள்ளியில் 450 மாணவர்கள். மிச்சம் பேருக்குத் தார்த்தாள் அடித்த கொட்டகை. 16 வயது பார்பரா மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அது வழக்காகி, 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தெற்குப் படைத் தளபதி லீயின் சிலையை 2020-இல் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவை.

கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். கன்னியாகுமரியில் சூரியன் ஒரு பக்கம் மறைய, சந்திரன் மறுபக்கம் எழுவதைப் பார்த்ததைத் தன் பிரசங்கத்தில் உருகிச் சொல்லியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். அங்கே தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்தார்கள். தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்று தைத்தது, பிறகு என் மக்களை நினைத்தேன், ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று 1965-இல் கிங் நினைவுகூர்ந்தார். நம் பிள்ளைகளோடு இதைப் பேசும்போது நம் ஊர்ச் சாதியையும் மறைக்காமல் பேச வேண்டியிருக்கும்.

மருத்துவத்தில் ஒரே ஒரு கதை சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. 1960-களின் நடுவில் பிட்ஸ்பர்க்கில் யாராவது தெருவில் விழுந்தால் வருவது போலீஸ் வண்டி அல்லது சவ வண்டி. பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், வழியில் சிகிச்சை கிடையாது. பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை வளர்த்தவர். மருத்துவமனை வரும் வரை காத்திராமல் தெருவிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்றார். 1967-இல் அவருடைய திட்டத்தைச் செய்து காட்டியது ஹில் என்ற கறுப்பினப் பகுதியின் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை. வேலையில்லாதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய இளைஞர்கள் சுமார் 300 மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள். மூச்சுக் குழாய் பொருத்துவது, தெருவில் வைத்தே இதயத்தை மீட்பது எல்லாம் கற்றார்கள். நான்சி கரோலின் என்ற மருத்துவர் அவர்களோடு வண்டியில் ஏறிப் பணியாற்றி எழுதிய பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் அடிப்படையானது. 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அனுபவம் மிக்க கறுப்பின ஊழியர்கள் பலர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டார்கள். அமெரிக்காவில் இன்று சிகிச்சை தர ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் ஒவ்வோர் ஊழியரும் அவர்களுடைய வாரிசு. பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

விவியன் தாமஸையும் விட முடியாது. தச்சர். 1930-இல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்; கல்லூரிக்குச் சேர்த்த பணம் அதே ஆண்டின் வங்கி வீழ்ச்சியில் போய்விட்டது. ஆய்வகத்திலேயே தொடர்ந்து, உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான இதய அறுவை முறையை நாய்களில் செய்து செய்து உருவாக்கினார். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 15 மாதக் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, மருத்துவர் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நின்று தாமஸ் வழி சொல்லிக்கொண்டிருந்தார். கத்தி பிடித்தவர் அதுவரை இதைத் தனியாகச் செய்ததில்லை, தாமஸ் செய்திருந்தார். அந்த முறைக்கு இரண்டு மருத்துவர்களின் பெயர் வைத்தார்கள். அதில் தாமஸ் பெயரும் சேர்ந்தது மிகவும் தாமதமாக.

இசையை ஒரு பத்தியில் அடக்க முடியாது, முயலவும் மாட்டேன். ஒன்று மட்டும். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒரு சுரம் இருக்கிறது, அதைக் குரலால் வளைத்துப் பிடிக்க வேண்டும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ப்ளூஸ் கேட்டவுடன் அது பிடிபடும். ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நடவு வயலில் வளர்ந்தவருக்குப் புதிதல்ல. இந்த இரண்டையும் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்தார்கள். பாஞ்சோ வாத்தியமும் அவர்களுடையது. ஞாயிறு தோறும் நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் கூடி ஆடிப் பாடியதிலிருந்து ஜாஸ், ப்ளூஸ், ராக் வழியாக, 1973 ஆகஸ்டில் பிராங்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் பிறந்த ஹிப்ஹாப் வரை கோடு நீளுகிறது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் குரலாகத் தங்கத் தட்டு ஏற்றியபோது லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் சக் பெர்ரியையும் பார்வையற்ற வில்லி ஜான்சனையும் வைத்தார்கள். வறுமையில் செத்த ஜான்சனின் குரல் இப்போது விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் போய்க்கொண்டிருக்கிறது.

மகளோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வாஷிங்டன் போக முடிந்தால் 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நுழைவு இலவசம், நேரச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சக் பெர்ரியின் சிவப்பு காடிலாக் கார் மேலே இருக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். நீங்கள் முதலில் நிலத்துக்கு அடியில் இருக்கும் கூடங்களுக்கு இறங்குங்கள். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே எடிஸ்டோ தீவிலிருந்து பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய ஓர் அடிமைக் குடிசை அங்கே இருக்கிறது. அதன் முன் நின்று மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டில் இருந்தவர்களுக்கு என்னென்ன வேலை தெரிந்திருக்கும்? அவள் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். விதைக்க, மதகு திறக்க, கூடை முடைய, படகு ஓட்ட, இரும்பு அடிக்க, பிரசவம் பார்க்க, பாட. விரல் விட்டு எண்ணட்டும்.